அரசுப் பள்ளியில் மத அடையாளங்களைத் தடை செய்தால் பிரச்சினை தீருமா?

கேள்வி: அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் எல்லா மத அடையாளங்களையும் ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. நாங்கள் அறுத்தே பார்த்துவிட்டோம்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கத்தில் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு நிறத்தைச் சேர்த்து முறுக்கினால் ஒரு சாதி, அதில் ஒன்றை மாற்றினால் வேறு சாதி. எந்த நிறம் யாருக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கபடிக்கு ஆள் பிரிப்பதில் இருந்து மதியம் யார் பக்கத்தில் தட்டை வைப்பது என்பது வரை அந்தக் கயிறுதான் தீர்மானிக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் கோயிலில் கட்டியது என்றே நினைப்பார்.

2019 ஆகஸ்டில் பள்ளிக்கல்வித் துறையில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சொன்ன புகாரின் பேரில், கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் இவையெல்லாம் சாதியைக் காட்டப் பயன்படுகின்றன, அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுங்கள் என்று. இந்துக்கள் மனதைப் புண்படுத்துகிறது என எதிர்ப்பு கிளம்பியது. பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் எங்கள் பி.இ.டி. சார் கத்தரிக்கோலோடு கேட்டில் நின்றுவிட்டார்.

நான் பக்கத்தில் சாக்பீஸ் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றேன். அறுத்ததெல்லாம் அதில் விழுந்தது. இரண்டு டப்பா நிறைந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், இது கலர் கயிறு இல்ல சார், கறுப்பு சார்" என்று கெஞ்சினான். சின்னத் தாயத்து கோத்த கறுப்புக் கயிறு. "ஏலே, எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்ல" என்று அதையும் வெட்டினார். நானும் டப்பாவை நீட்டினேன்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். எச்.எம். அறைக்குள் நுழைந்ததும், மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிளாஸ்டிக் மாலையும் சீரியல் பல்பும் போட்ட படம். அதற்குப் பிறகுதான் எங்களிடம் திரும்பினார். "மஞ்சக்காமாலை வந்து பொழைக்க மாட்டான்னுட்டாவ சார். அந்தக் கயிறு கட்டித்தான் புள்ள எந்திரிச்சான்." டப்பாவைக் கொட்டித் தேடினோம், கிடைத்தது. அறுத்ததை மறுபடி கட்டக் கூடாதாம். தாயத்தை மட்டும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தோம். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

அவர் கும்பிட்டாரே, அப்போதுதான் அந்தப் படம் எனக்கு உறைத்தது. சட்டப்படி அங்கே இருக்கக் கூடாதது அந்தப் படம்தான். அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது. போதனை வேறு, படம் வேறு என்று வாதாடலாம். ஆனால் அரசு அலுவலகங்களில் உள்ள சாமி படங்களை அகற்றச் சொல்லி 1968-லேயே, அண்ணா முதல்வராக இருந்தபோது, உத்தரவு போட்டாயிற்று. அது எத்தனை அலுவலகங்களில் நடந்தது என்பதைத் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒருமுறை போய்வந்தால் தெரியும். அறுபது வருஷத்தை நெருங்கும் உத்தரவை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒரு மாதம் கூட நிற்காத சுற்றறிக்கைக்குக் கத்தரிக்கோல் எடுத்தோம்.

என் கட்சி இதுதான்: சுவர் அரசாங்கத்தினுடையது, மணிக்கட்டு பிள்ளையினுடையது. சுவரில் எதுவும் வேண்டாம். பிள்ளையின் மேல் இருப்பதைத் தொடும் முன் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

சுவரில் தொங்குவது யாரை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இத்தாலியில் வகுப்பறைச் சிலுவைகளை எடுக்கச் சொல்லி ஒரு தாய் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2009-இல் ஜெயித்தார், 2011-இல் பெரிய அமர்வு 15-க்கு 2 என்று தீர்ப்பை மாற்றியது. சிலுவை சும்மா இருக்கும் அடையாளம்தான், அது யாருக்கும் பாடம் நடத்தவில்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அது ஒப்பவில்லை. சும்மா இருக்கிறதா இல்லையா என்பதை அந்த மதத்துக்காரரால் சொல்ல முடியாது. நானே சாட்சி.

எங்கள் பள்ளியில் ஆயுத பூஜைக்கு வகுப்பு வகுப்பாகத் தலைக்கு இருபது ரூபாய் வசூல். கரும்பலகைக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். எல்லாருக்கும் பொரிகடலைப் பொட்டலம். விடுமுறை முடிந்து வந்த ஒரு நாள் ஏழாம் வகுப்பு டெஸ்கில் எறும்புச் சாரை. உள்ளே பிரிக்காத பொரிப் பொட்டலம். "தின்ன மாட்டேன்னா எதுக்கு வாங்குன?" என்று அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்திச் சத்தம் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பெந்தெகொஸ்தே சபைக் குடும்பம். படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் பயம், குப்பையில் போடவும் பயம். அதற்கு அவள் வீட்டுக் காசு இருபது ரூபாய் வேறு. நெற்றியில் விபூதியோடு நின்று கத்திய எனக்கு அது புரிய இரண்டு நாள் ஆயிற்று.

அப்படியென்றால் வாத்தியார் நெற்றி சுவரா, மணிக்கட்டா? சம்பளம் அரசாங்கத்தினுடையது, நெற்றி என்னுடையது. இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. கடைசி நாள் வரை பூசிக்கொண்டுதான் போனேன்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். உடுப்பியில் ஓர் அரசுப் பெண்கள் கல்லூரியில் ஹிஜாப் பிரச்சினை தொடங்கி, 2022 பிப்ரவரி 5-இல் கர்நாடக அரசு சீருடை உத்தரவு போட்டது. மார்ச்சில் உயர்நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கம் அல்ல என்று சொல்லி அதை உறுதிசெய்தது. அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். தடை செல்லாது என்ற நீதிபதி சுதான்ஷு துலியா, மதத்தில் இன்றியமையாததா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை, அந்தப் பெண்ணின் படிப்பு என்ன ஆகும் என்று பாருங்கள் என்ற பக்கம் நின்றார். நானும் அந்தப் பக்கம்தான். முக்காடு போட்ட பெண் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சமன்பாடு போட்டாள். அதனால் யார் தட்டும் தள்ளி வைக்கப்படவில்லை.

சாதிக் கயிறு அப்படியில்லை. அது பக்கத்துப் பையனை மிரட்டத்தான் கட்டப்படுகிறது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றுக்கும் தடை கேட்டது. மறுபடி அதே சண்டை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதைப் பற்றி டீக்கடையில்கூட யாரும் பேசவில்லை.

கயிற்றுக்குத் தடை வேண்டும் என்பேன். நெற்றிக் குறியை ஏன் அதோடு சேர்த்தார்கள் என்பதும் ஊர்க்காரனாக எனக்குப் புரிகிறது. ஆனால் கத்தரிக்கோல் வேண்டாம். ஒவ்வொரு பையனையும் தெரிந்த வகுப்பு வாத்தியார் தனியாகக் கூப்பிட்டு, அவனே அவிழ்க்கும் வரை பேசட்டும். நாங்கள் அறுத்த அடுத்த மாதமே சட்டைக்குள் தெரியும் பனியன் நிறம் மாறியது. அதற்கு என்ன செய்ய, பனியனையும் வெட்டவா?

ஓய்வு பெறும் முன் கடைசி ஆயுத பூஜைக்கு எச்.எம்.மிடம் இரண்டு விஷயம் கேட்டேன். பிள்ளைகளிடம் வசூல் வேண்டாம் என்றதற்கு ஒத்துக்கொண்டார். வாத்தியார்களே காசு போட்டோம். படத்தைக் கழற்றலாமா என்றதற்கு, "ரிட்டையர் ஆகுற நேரத்துல உங்களுக்கு ஏன் சார் வம்பு" என்றார். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சீரியல் பல்பு மட்டும் எரிவதில்லை என்று கேள்வி.