மாட்டுக்குக் கூண்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் 9 மாடு வைத்திருக்கிறோம், ஏழு ஜெர்சி கலப்பு, இரண்டு உம்பளச்சேரி. டாக்டர் சினை ஊசி போடவோ தடுப்பூசி போடவோ வந்தால் தென்னை மரத்தில் கட்டிப் பிடிப்பதுதான் வழக்கம். போன மாதம் ஒரு மாடு அப்பாவின் தொடையில் உதைத்துவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரி இரும்புக் கூண்டும், அதற்குள் மாட்டை ஓட்டிவர 20 அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் குழாய் வைத்த வழியும் சேர்த்து 70,000 ரூபாய் கேட்கிறார் பட்டறைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கூண்டு வாங்குங்கள். 20 அடி வழி வேண்டாம். அது ஐம்பது, நூறு மாடு வரிசையில் போகிற பண்ணைக்கான சமாச்சாரம். உங்கள் மாடுகள் தலைக்கயிற்றைப் பிடித்தால் வருகிறவை. கொட்டகைச் சுவரை ஒட்டிக் கூண்டை வைத்து, எதிர்ப்பக்கம் பத்தடி நீளத்தில் ஒரு கதவைக் கீல் போட்டு மாட்டினால் போதும், கதவைச் சாத்தச் சாத்த மாடு தானாகக் கூண்டு வாய்க்கு வந்துவிடும். மிச்சமாகும் பணத்தைத் தரையில் போடுங்கள். கூண்டு வாயில் கால் வழுக்கிய மாடு அடுத்த தடவை அந்தப் பக்கமே வராது, பிறகு நீங்கள் இழுக்க அது உதைக்க, பழைய கதைதான்.

இப்போது குழாய். கொட்டேஷனில் “2 இன்ச் ஜி.ஐ.” (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதிலேயே லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு, சுவர்க் கனம் முறையே 2.9, 3.6, 4.5 மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஐ. குழாயில் நிறப்பட்டை இருக்கும்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. உங்களுக்கு நீலம் போதும். பட்டை அழிந்துபோச்சு சார் என்று சொன்னால் எடை போடச் சொல்லுங்கள், 20 அடிக் குழாய் மீடியம் என்றால் 30 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும், லைட் 25 கிலோதான். ஒரு நீளத்துக்கு ஐந்து கிலோ குறைந்தால் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் பிடிக்கும், அதனால் ஒவ்வொரு பற்றையும் தேய்த்துவிட்டு சிங்க் பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

உள் அகலம் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். இடம் தாராளமாக இருந்தால் மாடு வசதியாக நிற்கும் என்று நினைக்கிறோம், அது திரும்பப் பார்க்கும், பாதியில் மாட்டிக்கொள்ளும். பின்னால் தொடை உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய் கட்டாயம், டாக்டர் நிற்பது அங்கேதான். பக்கவாட்டில் ஒரு பக்கக் குழாய்களாவது பூட்டுப் பின்னை உருவினால் கழன்று வர வேண்டும். மாடு உள்ளே படுத்துவிட்டால் எல்லாக் குழாயும் வெல்டிங் ஆகியிருக்கிற கூண்டில் கட்டர் தேடி ஓட வேண்டியதுதான்.

நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். கால்களை ஓரடிக் குழியில் நட்டால் அடுத்த பொங்கலுக்குள் கூண்டு சாய்ந்திருக்கும். மூன்றடி தோண்டி, அடியில் மணல் போட்டு, அதன்மேல் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். கான்கிரீட் தரைக்கு மேலும் அரையடி எழும்பி நிற்க வேண்டும். கோமியம் தேங்குகிற இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது.

வைக்கும் திசையும் முக்கியம். உள்ளே நுழையும் மாட்டுக்கு எதிரே வெளிச்சம் தெரிய வேண்டும், ஆனால் காலை வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது. எதிரே கொடியில் காயும் வேட்டி, தொங்கும் சங்கிலி, தரையில் விழும் கம்பி நிழல், இதில் எதைப் பார்த்தாலும் அது நின்றுவிடும். நமக்கு அது அடம் பிடிப்பதாகத் தெரியும். நேர் பின்னால் நின்று அதட்டுவதிலும் பிரயோஜனமில்லை, மாட்டுக்குச் சுற்றிலும் அநேகமாக எல்லாம் தெரியும், முதுகுக்குப் பின்னால் மட்டும் தெரியாது, சத்தம் கேட்டுத் திரும்பத்தான் செய்யும். அதன் தோள் அருகில் நின்று, நீங்கள் வால் பக்கமாக இரண்டு எட்டு நடங்கள், அது முன்னால் நகரும். கூண்டு வந்த முதல் வாரம் ஊசி எதுவும் வேண்டாம், உள்ளே தவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள்.

கேள்வி: வேதாரண்யத்தில் 4 கறவை மாடு வைத்துப் பிழைக்கிறேன். மாடு வழுக்காமல் இருக்க வாங்கிய ரப்பர் பாய் ஐந்து மாதத்தில் பாளமாக உரிந்துவிட்டது. இரண்டு வருட வாரன்டி என்று சொல்லி விற்ற கடைக்காரர் இப்போது “பண்ணை என்றால் வியாபாரம், நுகர்வோர் சட்டம் உங்களுக்கு இல்லை” என்கிறார். உண்மையா?

பதில்: உண்மை இல்லை, சகோதரி. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019 சட்டம் சொல்வது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் அந்தக் கணக்கில் வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்திருந்தாலும் பரவாயில்லை என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிந்த பாயை வெளியே எறிந்துவிடாதீர்கள், போட்டோ எடுங்கள், பில்லோடு கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஜி.பே.யில் பணம் போன பதிவு இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: கொட்டகைக்கு வழுக்காத டைல்ஸ் போடலாம் என்கிறார் மச்சான். போடலாமா? (திருவையாறு)

பதில்: வேண்டாம். சாணி பட்டால் எந்த டைல்ஸும் வழுக்கும், குளம்பு பட்டு ஓரம் உடைந்தால் காலைக் கிழிக்கும். சிமென்ட் தரையே போடுங்கள், பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு வைத்து, ஈரம் காய்வதற்குள் அரை அங்குலக் குழாயை அழுத்திக் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில் மேலே சிமென்ட் பால் பூசி வழவழவென்று தேய்க்க வருவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.