பனிக்கு அடியில் வலை: வாசகர் கேள்வி பதில்

"என் மகன் கனடாவுல தண்டர் பே ஊர்ல வேலையா இருக்கறானுங்க. கூட வேலை செய்யற ஓஜிப்வே பையனோட தாத்தா தவறிட்டாருங்க. ஆயுசு பூராவும் மீன்பிடி, வேட்டைன்னு ஏரியிலயும் காட்டுலயும் கிடந்த மனுசராம். துக்கத்துக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. எப்படி நடந்துக்கறதுன்னு மகன் கேக்கறான்." (ஒரு வாசகி, பவானி)

கட்டாயம் போகச் சொல்லுங்கள். ஓஜிப்வே மக்கள் சுப்பீரியர் ஏரியைச் சுற்றிக் கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்கிறவர்கள். தங்களை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு முறை மாறும். தேவாலய முறைப்படி அடக்கம் செய்கிறவர்களும் உண்டு. அதனால் முதலில் நண்பனிடம் கேட்டுக்கொள்ளட்டும். பழைய முறை நடக்கும் வீட்டில் நான்கு நாள் அணையாமல் ஒரு தீ எரியும். உயிர் போய்ச் சேர நான்கு நாள் நடை என்பது அவர்கள் நம்பிக்கை. வருகிறவர்கள் ஒரு சிட்டிகை புகையிலையைத் தீயில் இட்டு வேண்டிக்கொள்வார்கள். முனியப்பனுக்குச் சுருட்டு வைக்கிற நமக்கு இது புரியாத காரியம் இல்லை. ஆனால் மகன் தானாக எதையும் அதில் போடக் கூடாது, குப்பையோ சிகரெட் துண்டோ கூடவே கூடாது. தீயைக் காப்பவர் காட்டுகிறபடி செய்தால் போதும். போட்டோ எடுக்க வேண்டாம்.

"எப்படி இறந்தார்" என்று கேட்பதைவிட "வலையை எந்தப் பக்கம் போடுவார்?" என்று கேட்கட்டும். பேரன் பேத்திகள் தாமாகவே பேசுவார்கள். இன்னொன்று: நம் பக்கம் எழவு வீட்டிலிருந்து "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல்தான் கிளம்புவோம். அங்கே பிரியும்போது "கிகவாபமின்" என்பார்கள், "உன்னைப் பார்ப்பேன்" என்று பொருள். யாராவது அப்படிச் சொன்னால் பதறாமல் திருப்பிச் சொல்லலாம்.

"கனடாவுல ஏரியே கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கறப்ப வலையை எப்படிங்க உள்ள விடுவாங்க?" (ஒரு மீனவர், மேட்டூர்)

உங்களைப் போன்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். முதல் வேலை பனிக்கட்டியின் கனத்தை அளப்பது. தெளிவான, கண்ணாடி போன்ற கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம். வெள்ளையாக, காற்றுக்குமிழோடு இருந்தால் அதன் பலம் பாதிதான். இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஓடை வந்து சேரும் இடத்திலும், இரண்டு தீவுக்கு நடுவே நீரோட்டம் உள்ள இடத்திலும் கட்டி மெலிந்திருக்கும். ஆள் உள்ளே விழுந்து உயிர் போவது பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில்தான்.

அடுத்து ஒரு குழி வெட்டி, ஆள் நீளத்துக்கும் மேலான ஒரு மரப்பலகையை உள்ளே நுழைப்பார்கள். பலகை மிதந்து கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டி நிற்கும். அதன் நடுவே நீளமான ஓட்டை, அதில் கீல் போட்ட ஓர் இரும்புக் கை. கயிற்றைச் சுண்டி இழுத்தால் கை எழும்பிக் கட்டியில் ஊன்றிப் பலகையை முன்னே தள்ளும், தளர்த்தினால் படுத்துக்கொள்ளும். இழுத்து விட, இழுத்து விட, பலகை கயிற்றோடு ஊர்ந்து போகும். மேலே ஒருவர் அந்த 'டொக் டொக்' சத்தத்தைக் காதில் வாங்கியபடி கூடவே நடப்பார். கட்டி தெளிவாக இருந்தால் கண்ணுக்கே தெரியட்டும் என்று பலகைக்குப் பளிச்சென்று வர்ணம் அடிப்பதும் உண்டு. வலையின் நீளம் வந்ததும் பலகைக்கு நேர் மேலே இரண்டாவது குழி. கயிற்றின் முனை அங்கே கைக்கு வந்துவிடும். முதல் குழியில் வலையைக் கட்டி, இங்கிருந்து இழுத்தால் வேலை முடிந்தது. இந்தப் பலகை வருவதற்கு முன், வரிசையாகப் பல குழி வெட்டி நீளக் கழியைக் குழிக்குக் குழி கவைக்கோலால் தள்ளிக் கொண்டுபோனார்கள்.

வலை நம்முடைய செவுள் வலைதான், மேலே மிதவை, கீழே ஈயம். வெண்மீன் (ஒயிட்ஃபிஷ்) என்ற ஏரிமீனுக்குக் கண்ணி நாலரை அங்குலம். கெடுவது எங்கே என்றால், மிதவைக் கயிறு கட்டியைத் தொட்டால் அதோடு சேர்ந்து உறைந்துவிடும், அப்புறம் வலையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே இரண்டு முனையிலும் எடை கட்டி, வலை முழுவதையும் கட்டிக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். குழியும் இரவில் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உடைத்துத் திறக்க வேண்டும். கடுங்குளிரில் மேலே வந்த வலை கம்பிபோல் விறைத்துவிடும் என்பதால், மீனைக் கழற்றக் கழற்ற மறுமுனையிலிருந்து வலையைத் தண்ணீருக்குள்ளேயே இழுத்துவிடுவார்கள்.

"ஓஜிப்வேக்காரங்க ஏரியில தானா விளையற நெல்லு இருக்குதாமே, நம்ம நெல்லு மாதிரியா?" (ஒரு விவசாயி, கோபி)

நெல்லுக்குப் பங்காளி என்று சொல்லலாம். ஒரே புல் குடும்பம், ஆனால் வேறு இனம். பெயர் மனோமின். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அறுவடை, ஆனால் அரிவாள் கிடையாது. படகில் ஒருவர் நின்று கழி ஊன்றுவார். மற்றவர் உட்கார்ந்து, லேசான தேவதாரு மரக் குச்சி இரண்டைக் கையில் வைத்து, ஒன்றால் கதிரைப் படகுக்குள் வளைத்து மற்றதால் தட்டுவார். ஓங்கி அடித்தால் தாள் ஒடிந்து, பின்னால் பழுக்க வேண்டிய மணியும் போச்சு. ஒரே கதிரில் மணிகள் வெவ்வேறு நாளில் பழுக்கும் என்பதால் சில நாள் விட்டு அதே இடத்துக்கே திரும்பி வருவார்கள். தண்ணீரில் சிந்துவதுதான் அடுத்த வருஷத்து விதை. பிறகு உலர்த்தி, சட்டியில் வறுத்து, குழியில் போட்டு மென்தோல் செருப்புக் காலால் மிதித்து உமி நீக்கி, மரப்பட்டைத் தட்டில் புடைப்பார்கள். ஜூன் வாக்கில் இலை நீர்மேல் மிதக்கும் பருவத்தில் அணைக்காரர்கள் மட்டத்தைத் திடீரென்று உயர்த்தினால் பயிர் வேரோடு பிடுங்கிக்கொள்ளும். பல ஏரிகளில் மனோமின் இல்லாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம், வருத்தமான காரணமும்கூட.

"அவங்க மட்டும் எப்படிங்க வேட்டையாடலாம்?" (சத்தியமங்கலம்)

தண்டர் பே பகுதி, 1850இல் ஓஜிப்வே தலைவர்கள் பிரிட்டிஷ் அரசோடு செய்த ராபின்சன் சுப்பீரியர் ஒப்பந்தத்துக்குள் வந்தது. நிலத்தை விட்டுக்கொடுத்தபோதே வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1982இன் கனடா அரசியல் சட்டம் 35ஆம் பிரிவில் ஒப்பந்த உரிமைகளை உறுதி செய்தது. நமக்கு 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். காட்டு முயலும் உடும்பும் அதற்குள் அடக்கம், தொடாதீர்கள். பையன் முதன்முதலில் அடித்ததை அவன் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பெரியவர்களுக்கும் ஊராருக்கும் பகிர்ந்து கொடுக்கும் முதல் வேட்டை விருந்து அங்கே பழைய வழக்கம்.

"எங்க அப்புச்சி பவானிசாகர் அணையில பரிசல்ல போய் வலை போட்டவருங்க. அவரைப் பத்தி எழுதி வைக்கோணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?" (ஒரு பேத்தி)

அவருடைய வலையிலிருந்து. அடுத்தடுத்துள்ள கண்ணிகளை விட்டு, ஒரே கண்ணியின் இரண்டு எதிர் முடிச்சைப் பிடித்து இறுக இழுத்து, நடுவில் உள்ள நீளத்தை அளந்து குறியுங்கள். அது எந்த மீனுக்கு, எந்த மாசம், அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்போது என்று கேட்டு எழுதுங்கள். அம்முச்சி இருந்தால் முதல் சாட்சி அவர்தான். பல வீட்டில் கிழிந்த வலையைப் பின்னியதே பெண்கள்தானே. "அப்புச்சி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வலையையும் வலை ஊசியையும் மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள், கை தானாகப் பின்ன ஆரம்பிக்கும், பேச்சும் கூட வரும். மீன் வந்தால் முதல் கூறு எந்த வீட்டுக்குப் போகும், விற்காமல் எதை வைத்துக்கொள்வார்கள் என்பதையும் விடாதீர்கள்.

செல்போனில் பதிவு செய்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை ஒரு சாண் தூரத்தில் துணிமேல் வையுங்கள். அணைக்கரையில் வைத்துப் பேசினால் காற்றிரைச்சல்தான் பதிவாகும். பழைய தாள் போட்டோவின் பின்னால் பெயர்களை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுந்தினால் முன்பக்கத்தில் முகத்தின் மேலேயே தடம் விழும்.