கயிறு கட்டிய மரத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி: டிசம்பரில் ஜப்பான் போயிருந்தோம். கனசாவா ஊரில் கென்ரோகுஎன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை, மரங்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். இதற்கா இவ்வளவு பெயர்?

பதில்: நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்தக் கயிறுதான் அங்கே பார்க்க வேண்டியதே!

கனசாவா பக்கம் விழுகிற பனி ஈரம் மிகுந்தது, கனமானது. விட்டால் கிளையை முறித்துவிடும். அதற்காக ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1-ஆம் தேதி கயிறு கட்டும் வேலையை ஆரம்பிக்கிறார்கள். குளக்கரையில் படர்ந்து நிற்கும் கராசாக்கி பைன் மரத்தைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு மட்டும் ஐந்து கம்பங்கள் நட்டு, உச்சியில் ஏறி நிற்பவர் வைக்கோல் கயிறுகளைக் கீழே விட, கீழே இருப்பவர்கள் ஒவ்வொன்றையும் கிளையோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். அந்த ஒரு மரத்துக்கே ஏறத்தாழ 800 கயிறுகள். மார்ச் பாதியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள், அடுத்த நவம்பரில் மறுபடி முதலிலிருந்து. பீவா ஏரிக்கரையிலிருந்து விதை வரவழைத்து அந்த மரத்தை வளர்த்தவர் அந்தப் பகுதியை ஆண்ட மாயேதா வம்சத்தின் 13-ஆவது பிரபு நாரியாசு. பிரபுக்கள் போய், 1874-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்தும் ஆயிற்று, மரத்தை மட்டும் இன்றுவரை யாரும் கைவிடவில்லை. இதைவிடப் பெரிய கலைக்காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் தோட்டத்துக்குள் இருக்கும் அந்த நீரூற்று. மோட்டார் கிடையாது. மேலே இருக்கும் கசுமிகா குளத்துக்கும் அதற்கும் உள்ள உயர வித்தியாசத்தில் தண்ணீர் தானே பீய்ச்சி அடிக்கிறது, குளத்தில் நீர்மட்டம் மாறினால் ஊற்றின் உயரமும் மாறும். நின்று பார்த்தீர்களா?

தோட்டத்தை ஒட்டியே நாரியாசு தன் தாய்க்காக 1863-இல் கட்டிய செய்சோன்காக்கு மாளிகை இருக்கிறது. பக்கத்தில், கனசாவா இருக்கும் இஷிகாவா மாகாணத்தின் 36 கைவினைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் அருங்காட்சியகம்: குத்தானி பீங்கான், வாஜிமா அரக்கு வேலை, தங்க ரேக்கு எல்லாம். அரை மணியில் இவற்றின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. தோட்டத்தைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, இதற்கு அரை மணி மட்டும் ஒதுக்கிய பயண ஏற்பாட்டாளரிடம் சண்டை போடுங்கள்.

மறுபடி போனால் கூட்டத்தோடு போகாதீர்கள். வழக்கமான நேரத்துக்கு முன்பே, அதிகாலையில் கட்டணமில்லாமல் உள்ளே விடுகிறார்கள். கட்டண நேரம் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.