நாயோடு தூரப் பயணம் போகையில் வழியில் அதற்கு வருத்தம் வந்தால் என்ன செய்வது?

ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வான் வண்டியில் போகிறோம், நாயைப் பார்க்க வீட்டில் ஆளில்லை, கூட்டிப்போனால் வழியில் சுகமில்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, யாருக்காவது அப்படி நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு நடந்தது.

எங்கள் செம்பன் சாதாரண ஊர் நாய்தான். கோண்டாவிலில் எங்கள் வளவுக்குள் வளர்ந்தவன். திருகோணமலையில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பத்து நாள் நின்றுவிட்டு வரலாமென்று அம்மாவும் நானும் அவனையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியவே புறப்பட்டோம். ஆனையிறவு தாண்டும்வரை யன்னலால் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தான். கிளிநொச்சிக்குப் பிறகு படுத்துவிட்டான். விரித்திருந்த சாக்கில் மஞ்சளாகச் சத்தி எடுத்தான். வானில் வந்தால் நாய் சத்தி எடுக்கும்தானே என்று துடைத்துவிட்டு ஓட்டச் சொன்னோம். அந்த அரை மணித்தியாலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பாரமாகிறது.

மாங்குளத்தில் ஒரு மரத்தடியில் இறக்கினோம். காலைத் தூக்கக்கூட அவனால் முடியவில்லை. நின்றபடியே மூத்திரம் போனான். வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் மண்ணில் ஊறியது. வான் ஓட்டி வந்த அண்ணைதான் முதலில் கண்டார். "தங்கச்சி, இது சும்மா சத்தியில்லை. மூத்திரத்தைப் பாருங்கோ" என்றார்.

நாங்கள் வழமையாகக் காட்டும் மிருக வைத்தியருக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "முரசு என்ன நிறம்?" உதட்டைத் தூக்கிப் பல் ஈறைப் பார்த்தேன். நல்ல ரோசா நிறமாக இருக்க வேண்டிய முரசு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம். இவனுக்குத் திரும்புவதற்கு நிறமே இல்லை. "திரும்பி வராதீங்கோ, நேரே வவுனியாவுக்குப் போங்கோ. சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடுங்கோ" என்றார்.

அண்ணை பாவம், காய்ச்சல் சுடுகிறதே என்று தன் பையிலிருந்து பனடோல் ஒன்றை எடுத்து நீட்டினார். போனில் இருந்த வைத்தியர் அதைக் கேட்டுச் சத்தம் போட்டார். பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், இபுபுரூஃபன் என்ற நோ மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். நம்மவர் கைப்பைகளில் பனடோல் இல்லாத பையே கிடையாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அன்பில்கூட அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஞாயிறு என்பதால் அரச மிருக வைத்திய அலுவலகம் பூட்டு. நாலைந்து பேருக்குப் போன் எடுத்த பிறகுதான் வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியர் கிடைத்தார். வெப்பமானி 40.6 காட்டியது. நாயின் உடற்சூடு இயல்பிலேயே 38க்கும் 39க்கும் இடையில் இருப்பதால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல். பபேசியா என்ற ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடுகிறது. முரசு வெளிறியதற்கும் மூத்திரம் கறுத்ததற்கும் அதுதான் காரணம்.

"நாங்கள் இழுத்து வந்ததால்தானே இப்படி?" என்று அழுதுகொண்டே கேட்டேன். இல்லை, உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் வருத்தம் வெளியே தெரியும், வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும், பயணக் களைப்பு அதைக் கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான் என்றார். உங்கள் பயத்தைப் படித்தபோது இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

அம்மாவை பஸ்ஸில் அக்காவிடம் அனுப்பிவிட்டு, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் செம்பனோடு மூன்று நாள் நின்றேன். ஊசியும் சேலைனும் ஏறின. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பார்க்கவே மாட்டான். என் விரல்களை நனைத்து வாயருகே வைத்தால் மட்டும் மெல்ல நக்குவான். இரவு முழுக்க அப்படித்தான், விரல் விரலாக. மூன்றாம் நாள் பின்னேரம், கோழி அவித்த தண்ணீரில் குழைத்த சோற்றில் இரண்டு வாய் தின்றான். அந்த வீட்டுக்கார அன்ரி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தார்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். வானில் நாய் சத்தி எடுத்தால் நிறுத்தி நிழலில் இறக்குங்கள். வெறும் பயணச் சத்தி என்றால் தரையில் அரை மணித்தியாலம் நின்றதும் முகம் தெளிந்துவிடும். தெளியவில்லையென்றால் முரசையும் மூத்திரத்தையும் பாருங்கள். முரசு வெளிறாமல் செங்கல் நிறத்தில் சிவந்து, எச்சில் வடிந்து, தள்ளாடினால் அது வெயில் செய்த வேலை. வயிறு, தொடை, பாதங்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, வானில் ஏசியைப் போட்டு, குளிரக் குளிர வைத்தியரிடம் ஓடுங்கள். தேத்தண்ணீர் குடிக்க இறங்கும்போது நாயைப் பூட்டிய வாகனத்தில் விடவே கூடாது, ஐந்து நிமிடம்தானே என்றாலும். குட்டி நாய்க்கு இரத்தத்தோடு வயிற்றோட்டம் போனால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

புறப்படும் முன் கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை என்று வழியில் உள்ள ஊர்களில் ஒவ்வொரு வைத்தியரின் இலக்கத்தையாவது தேடி, ஞாயிறும் திறப்பாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். மரத்தடியில் நின்று நான் தேடிய தேடலை நீங்கள் தேடக்கூடாது. கண்டியில் கவலை குறைவு, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது.

அதற்கெல்லாம் முதல், இன்று இரவே நாயை மடியில் போட்டுக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கழுத்துப்பட்டிக்குக் கீழும் தடவிப் பாருங்கள். உண்ணி தட்டுப்பட்டால் வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தையும் பார்த்த பிறகு வானுக்குச் சொல்லுங்கள்.