ஞாயிறு வேலை, எண்ணெய்ப் போத்தல், குடும்பச் சாபம்

கேள்வி: எனக்கு வயது 23. விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் ஆடைத்தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன். ஞாயிறும் அடிக்கடி வேலை. பூசைக்குப் போக முடிவதில்லை. செபமாலை சொன்னாலும் மனம் ஒட்டவில்லை. தோழி அழைத்துச் சென்ற வீட்டுக் கூட்டத்தில், எங்கள் குடும்பத்துக்குச் சாபம் உண்டு, பெரியண்ணன் 2009இல் இறந்ததும் அதனால்தான் என்றார்கள். சாபம் நீங்க 3 நாள் உபவாசமும் சம்பளத்தில் பத்திலொன்றும் கேட்கிறார்கள். என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பிள்ளை. போனவர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதலில் அந்தச் சாபக் கதை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவரா, பெற்றோரா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருமில்லை என்றார் இயேசு. யோவான் நற்செய்தி, 9ஆம் அதிகாரம். அந்தப் பிரசங்கியார் அதைத் தாண்டிப் போய்விட்டார் போலிருக்கிறது. வன்னியில் சாவு விழாத வீடு எது? அவர் கணக்குப்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு முழுவதற்குமே சாபம்தான்.

போன வருடம் ஒரு தாய் 'அபிஷேக எண்ணெய்' என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். மகனுடைய வெளிநாட்டு விசாவுக்காக 1500 ரூபாய் கொடுத்து வாங்கியது. மூடியைத் திறந்தால் சமையலறைத் தேங்காயெண்ணெய் மணம். இருமல் மருந்தின் லேபிளைச் சுரண்டிய பசைகூடப் போகவில்லை. தூய ஆவியின் வரத்தைக் காசுக்கு வாங்க வந்த சீமோன் என்ற மந்திரவாதியைப் பேதுரு கடிந்துகொண்டார். நம் ஊரில் சீமோன்களே கடை போட்டிருக்கிறார்கள். தனியே கூப்பிட்டுப் பேசி, வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சொல்லி, வங்கிக் கணக்கு இலக்கம் தருபவரிடம் மறுபடி போகாதீர்கள். குடிக்கிற மருந்தை நிறுத்தச் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஞாயிறு. சனி மாலைத் திருப்பலி ஞாயிற்றுப் பூசைக் கடமையை நிறைவேற்றும். இது பலருக்குத் தெரியாது. சனி மாலையும் வேலை, மறுத்தால் சம்பளமோ வேலையோ போகும் என்றால், போகாதது பாவமல்ல. ஆனால் கவனியுங்கள்: வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளத் தோழி தயாராக இருந்தும் கேட்காமல் விடுவது வேறு, பிற்பகல் வேலைக்குக் காலை முழுவதும் படுத்திருப்பது வேறு, மேலதிகக் கொடுப்பனவுக்காக நீங்களே கேட்டு வாங்கிய ஞாயிறு முற்றிலும் வேறு. வீட்டில் கடன் நெருக்கினால் அதற்கும் இடமுண்டு. புதுக் கைபேசி வாங்குவதற்கு இல்லை. கைபேசியில் பூசை பார்ப்பது நல்லதுதான், பங்கெடுத்ததாகாது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிய பிறகு, 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் வந்து சேரும்வரை நம் முன்னோருக்குக் குருவே இல்லை. ஏறத்தாழ 30 வருடம் வீட்டுச் செபம்தான். நீங்கள் விடுவது மாதத்தில் சில ஞாயிறு.

மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் இருந்த உடம்பு இரவில் 53 மணி உருட்டினால் தூக்கம்தான் வரும். திருப்பாடல் 13ஐ ஒரு துண்டில் எழுதி, தொழிற்சாலை அடையாள அட்டையின் உறைக்குள் வையுங்கள். ஆறே வசனம். எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே சண்டைக்குப் போகிற பாட்டு. காலை பஸ்ஸில் பரந்தன் வருவதற்குள் ஒருமுறை. உருக்கம் வந்ததா என்று பார்க்க வேண்டாம். சொன்னீர்களா என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். உறுதிப்பூசுதல் முடிந்ததும் பிள்ளைகளை நாங்கள் தேடுவதில்லை. திருவிழாவுக்குக் கொடி கட்டவும் கரப்பந்தாட்டத்துக்கும்தான் இளைஞர் ஒன்றியம். பிறகு திருமணத்துக்கு வந்து நிற்கும்போது, இடப்பெயர்வில் தொலைந்த ஞானஸ்நானப் பத்திரத்தைக் கேட்டு அலைய விடுவோம். அந்த வீட்டுக் கூட்டத்தில் உங்கள் பெயரைக் கேட்டிருப்பார்கள், தேநீர் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்று ஆராயக் கருத்தரங்கு வேறு வைக்கிறோம்.

இந்தக் கிழமையே பங்குத்தந்தையைப் பார்த்து, அண்ணனுக்கு ஒரு பூசை கேளுங்கள். கையில் காசில்லை என்று சொல்லலாம். அதற்காக அவர் மறுக்கக் கூடாது. பங்கு அலுவலகத்தில் சந்தா அட்டையைக் கேட்டால், அதற்கு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.