பதில்: பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டும் ஊழியர்கள்

வணக்கம் சார். உங்கள் ஆடிட்டர் ஆபீசில் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியும் ஊழியர்கள் அதைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுகிறார்கள், இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சீட்டுதான் கூடும்.

அடிக்கடி மாற்றச் சொன்னால் யாரும் புதிதாக யோசிப்பதில்லை. போன மாதம் முருகன்@01, இந்த மாதம் முருகன்@02. பழையது ஒன்று கசிந்தால் போதும், அடுத்ததைக் கணிக்கச் சின்னப் பையனே போதும். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நிஸ்ட், 2017 வழிகாட்டியிலேயே, கசிந்த அறிகுறி இல்லாமல் கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்றுவிட்டது. குறியீடு, பெரிய எழுத்து என்ற கட்டாயத்தைவிட நீளமாக இருப்பதும், ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இல்லாமல் இருப்பதும்தான் முக்கியம். 2009-ல் ராக்யூ தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன; அதில் முதலிடம் 123456. திருடர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது இப்படிப்பட்ட பட்டியல்களைத்தான்.

எல்லா பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைக்கும் பிட்வார்டன் என்ற செயலியில் ஆளுக்கொரு கணக்கு போட்டுக் கொடுங்கள். அதற்கான ஒரே பாஸ்வேர்டு மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும்: தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில். சினிமாப் பாட்டு வரி வேண்டாம். இமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு, போனில் வரும் எண் போல இன்னொன்றையும் கேட்பது) இன்றே போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அப்புறம், வாடிக்கையாளர்களின் வருமான வரி லாகின் எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில், எல்லோரும் திறக்கும்படி கிடக்கிறதா? பெரும்பாலும் கிடக்கும். மானிட்டர் சீட்டைவிட அதுதான் ஆபத்து. முதலில் அதைப் பிட்வார்டனுக்குள் ஏற்றிவிட்டு, பழைய ஃபைலை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள்.