கழன்ற செருப்பும் வலிக்காத காலும்

கேள்வி: எனக்கு வயது 62. பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். டெல்லி ஆர்.கே.புரத்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மே மாத லீவில் பேரனோடு ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை. வெயிலில் இன்சுலின் கெட்டுவிடும், வெளிச்சாப்பாட்டில் சர்க்கரை எகிறும், குதுப்மினார் ஏறினால் மயக்கம் வரும் என்று யூடியூபில் பயமுறுத்துகிறார்கள். என் அக்காவுக்குச் சர்க்கரையால் காலை எடுக்க வேண்டியதாயிற்று. எனக்குக் காலில் வலியே கிடையாது. அடிப்பாதத்தில் ஆணி இருக்கிறது, அதற்குக் கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டியிருக்கிறேன். போன வாரம் மெட்ரோ ஸ்டேஷனில் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, பேரன் சொல்லித்தான் தெரிந்தது. தைரியமாகச் சுற்றலாமா?

– வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: முதலில் அந்தப் பிளாஸ்டரை எடுங்கள் அம்மா, இன்றைக்கே. ஆணிக்கால் பிளாஸ்டர்களில் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் இருக்கும். அது தடித்த தோலோடு பக்கத்தில் இருக்கும் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். உணர்ச்சி உள்ள கால் என்றால் எரிகிறது என்று பிய்த்துப் போட்டுவிடுவோம். உங்களுக்கு எரிந்தாலும் தெரியாது. சர்க்கரை நோயாளி மருத்துவரைக் கேட்காமல் ஒட்டவே கூடாத பொருள் இது. பிளேடால் சீவுவதும் வேண்டாம்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, நீங்கள் போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன செருப்புதான். செருப்பு கழன்றதும் உங்கள் காலுக்கே தெரிந்திருக்க வேண்டும். பல வருடச் சர்க்கரை நரம்புகளைக் கால்விரல் நுனியிலிருந்து மெல்ல மெல்லக் கெடுக்கும். தொடுதல், சூடு, வலி எல்லாம் மங்கிப்போகும். அதனால் வலி இல்லை என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காலை எடுக்கும் நிலைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது. வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தால் தடுக்கலாம், அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்றில்லை.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மகள் உங்கள் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் லேசாக, ஓரிரு விநாடி தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது என்று பொருள்.

இனி ஊர் சுற்றுவது. தாராளமாகச் சுற்றுங்கள். நான் பயப்படுவது வெறுங்காலுக்கு மட்டும்தான். டெல்லி மே வெயிலில் மலை மந்திர் முருகன் கோயில் படி, ஜும்மா மசூதி முற்றத்துச் சிவப்பு மணற்கல், ராஜ்காட் எல்லாமே செருப்பைக் கழற்றும் இடங்கள். நடுப்பகலில் அங்கே கவனித்தால் தெரியும்: மற்றவர்கள் குதிகாலை ஊன்றியும் தூக்கியும் நிழலுக்கு ஓடுவார்கள். மரத்துப்போன கால் மட்டும் நிதானமாக நடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதத்தில் கொப்புளம் தெரியும். முருகனைக் காலையில் நடை திறந்ததும் போய்ப் பாருங்கள், அல்லது கல் ஆறிய பிறகு இரவில். பங்களா சாகிப் குருத்வாரா வாசலில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். வெளியே வந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்துவிடுங்கள். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட் எல்லாம் செருப்போடு நடக்கலாம்.

ஆனால் இப்போது போடும் செருப்பு வேண்டாம். பின்பட்டை உள்ள, முன்பக்கம் மூடிய செருப்பைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். முதல் சில நாள் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டுப் பழக வேண்டும். வெள்ளைப் பருத்தி சாக்ஸ் நல்லது, ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைப்பது வேண்டவே வேண்டாம். அந்தச் சூடும் உங்களுக்குத் தெரியாது.

தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தை மகள் பார்க்கட்டும். கொப்புளம், தோல் கிழிசல், கருத்த இடம், ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. சஃப்தர்ஜங்கும் எய்ம்ஸும் உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. வலிக்கவில்லையே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். இரவு ஊசியைப் பகலில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதே இல்லை, அது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். ஒருநாள் சோலே பட்டூரா சாப்பிட்டால் குடி முழுகாது, அளவாகச் சாப்பிடுங்கள். சாப்பாடு தள்ளிப்போய் நடுக்கமோ வியர்வையோ வந்தால் போட்டுக்கொள்ள, பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். குதுப்மினாரில் ஏறுகிற கவலையே வேண்டாம், 1981 விபத்துக்குப் பிறகு அதற்குள் பொதுமக்களை ஏற விடுவதில்லை. அந்த யூடியூப் வீடியோக்களை மூடி வையுங்கள், உங்கள் காலை அவர்கள் பார்த்ததில்லை.

ஊர் சுற்றக் கிளம்பும் முன் ஒரு மருத்துவரிடம் போய்ப் பாதத்தைக் காட்டுங்கள். நைலான் இழையால் உணர்ச்சியையும், கையால் பாத நாடியையும் பார்ப்பார், ஆணியையும் முறைப்படி எடுத்துவிடுவார். அதுவரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.